முதலுதவிப் பெட்டியில் ஒரு சாவி

சாவியின் முதல் திருப்பலிலேயே வேன் ஸ்டார்ட் ஆனது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தேன். கன்னியப்பனின் வேன் ஒரே திருப்பலில் கிளம்புகிற வண்டி இல்லை.

பெண்களை ஷிஃப்டுக்குக் கூட்டிப்போகிற வேனில் துணைக்கு ஒரு பெண் இருக்க வேண்டும். அதற்கு எஸ்கார்ட் என்று பேர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அந்த வேலையைப் பல வருஷம் பார்த்துவிட்டு, இப்போது டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். புதிதாகச் சேரும் எஸ்கார்ட்டிடம் முதல் நாளே, "உன் வேனோட ரெண்டாவது சாவி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்பேன். கிழவிக்கு வேறு வேலை இல்லை என்கிற மாதிரி பார்ப்பார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. சாவி போட்ட கதை

கன்னியப்பன் சொந்த வேனை எங்கள் கான்ட்ராக்டில் ஓட்டினார். மூன்று கை மாறி வந்த வண்டி. நல்ல மனுஷன்தான், ஆனால் எதைக் கேட்டாலும் முதலில் ஒரு பொய் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார். அவரிடம் ஒரே ஒரு சாவி இருந்தது. பல்லெல்லாம் மழுங்கிப்போன சாவி. இரண்டு மூன்று முறை திருப்பினால்தான் வண்டி முனகிக்கொண்டு எழுந்திருக்கும்.

"இன்னொரு சாவி எங்க?" என்று கேட்டேன்.

"அது எப்பவோ தொலஞ்சிபோச்சி மேடம். இது ஒண்ணு போதும்."

போதவில்லை. ஒரு நாள் அதையும் எங்கோ தவறவிட்டு வந்து நின்றார். ஷிஃப்ட் முடிந்த பெண்கள் எல்லோரும் வெயிலில் நின்றார்கள். கடைசியில் அது கேன்டீன் கைகழுவும் இடத்தில் கிடைத்தது. அன்றைக்கே அவரைச் சுங்குவார்சத்திரத்தில் சாவி போடுகிறவரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

சாவிக்காரர் சாவியைத் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "தேஞ்ச சாவிய பாத்து அறுத்தா தேஞ்ச சாவிதான் வரும். லாக்க கழட்டிக் குடு, புச்சா போட்டுத் தரேன்."

"அடுத்த ட்ரிப்புக்கு டைம் ஆச்சிபா. இப்டியே அறு," என்றார் கன்னியப்பன்.

அப்படியே அறுத்தார். புதுச் சாவி வேனில் உள்ளே போனது, திரும்பவில்லை. கன்னியப்பன் வியர்த்து விறுவிறுத்து எப்படியெல்லாமோ ஆட்டிப் பார்த்து, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். முழுசாக உள்ளே தள்ளிவிட்டு, ஒரு நூலளவு வெளியே இழுத்துக்கொண்டு திருப்ப வேண்டும்.

"பாத்தீங்களா மேடம், திருடன் எட்த்தாகூட ஸ்டார்ட் பண்ண முடியாது," என்றார். தப்பு செய்துவிட்டு அதற்குப் பெருமையும் பட்டுக்கொள்ள அவரால்தான் முடியும்.

2. ஒளித்து வைத்த கதை

புதுச் சாவியை முன் பம்பருக்குப் பின்னால் கம்பியில் கட்டிவிடலாம் என்றார் கன்னியப்பன். ஸ்டாண்டில் இருக்கிற எல்லா டிரைவரும் அங்கேதான் கட்டுகிறார்கள். அது டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். அதற்குப் பேசாமல் சாவியைக் கதவிலேயே தொங்கவிடலாம்.

வேனுக்குள் கடைசி சீட் பக்கம் முதலுதவிப் பெட்டி இருந்தது. அது என் பொறுப்பு. சாவியை அதில் பஞ்சுக்கு அடியில் வைத்தேன்.

கன்னியப்பனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வூட்டுச் சாவிய வூட்டுக்குள்ளயே வெச்சி பூட்டுவாங்களா மேடம்?"

"உன் பின்னாடி ஜன்னல் என்னைக்குப் பூட்டுச்சு? கைய வுட்டு எடுத்துக்க. மொதல்ல சைடு கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி போடு. நீ வெளியிலேர்ந்து தொறந்தாதான் நாங்க எறங்க முடியுது."

"நாளைக்கே போட்டுர்றேன் மேடம்."

அந்த நாளை வரவே இல்லை.

3. அந்த மத்தியானம்

முதல் ஷிஃப்ட் முடிந்து எட்டுப் பெண்களோடு மண்ணூர் ஹாஸ்டலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் ஓ.டி.க்கு நின்றுவிட்டார்கள். வெயிலுக்குத் திரையை இழுத்துவிட்டுப் பாதிப் பேர் சீட்டில் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். தேவி என்ற பெண்ணுக்கு வயிற்று வலி. கடைசி சீட்டில் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். சுங்குவார்சத்திரத்தில் கன்னியப்பன் வண்டியை நிறுத்தி, "ஒரு டீ அட்ச்சிட்டு வந்துர்றேன் மேடம்," என்று இறங்கிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் முன் கதவு திறந்து மூடியது. உடனே வேன் கிளம்பியது, முதல் திருப்பலிலேயே.

நிமிர்ந்து பார்த்தேன். காக்கிச் சட்டைதான், ஆனால் கழுத்து கன்னியப்பனுடையது இல்லை. என்னிடம் சொல்லாமல் ஆளை மாற்றிவிடுகிற பழக்கம் கன்னியப்பனுக்கு உண்டு. நாளைக்கு அவரை ஒரு கை பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். ஸ்ரீபெரும்புதூரில் நேராகப் போக வேண்டிய வண்டி வலது பக்கம் ஒரகடம் ரோட்டில் திரும்பியபோதுதான் இது வேறு விஷயம் என்று புரிந்தது.

"யாருப்பா நீ? கன்னியப்பன் எங்க?"

வேன் ஒரு குலுங்கு குலுங்கியது. கண்ணாடியில் அவன் கண் தெரிந்தது. "உள்ள ஆளு கீறீங்களா?" என்றான். என்னைவிட அவன்தான் அதிகமாகப் பயந்திருந்தான். அதைப் பார்த்து எனக்குப் பயம் கூடியது. பயந்தவன் என்ன வேண்டுமானாலும் செய்வான்.

நிறுத்து என்று கத்தினேன். நிறுத்தவில்லை. ஓட்டிக்கொண்டே போனில் பேசினான். "அண்ணே, வண்டிய தூக்கிட்டேன். ஆனா உள்ள லேடீஸ் கீறாங்கண்ணே... சரிண்ணே... சரிண்ணே." பிறகு எங்களிடம், "பேசாம ஒக்காருங்க. யார்டுல எறக்கி வுட்டுர்றோம்," என்றான்.

நான் கன்னியப்பனுக்கு போன் போட்டேன். அழுதுகொண்டே எடுத்தார். "வேன காணோம் மேடம்."

"வேன் ஒரகடம் ரோட்ல போய்க்கினு இருக்கு. நாங்க உள்ள இருக்கோம். இவன்கிட்ட சாவி எப்படி வந்துச்சு?"

"செகண்ட் சாவி தொலயல மேடம். பைனான்ஸ்ல கீது."

பழைய வண்டிக்குக் கடன் கொடுக்கிறவர்கள் ஆர்.சி. புத்தகத்தோடு இரண்டாவது சாவியையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். தவணை நின்றால் அந்தச் சாவியோடு ஆள் வந்து வண்டியை எடுத்துப் போய்விடுவான். ஸ்டாண்டில் எல்லா டிரைவருக்கும் தெரிந்த விஷயம் இது. வண்டிக்குள் உட்கார்ந்து போகிற எங்களுக்கு மட்டும் யாரும் சொன்னதில்லை. தேயாத சாவி, அதனால்தான் முதல் திருப்பலில் கிளம்பியிருக்கிறது.

ஆபீஸுக்குச் சொன்னேன். போலீஸுக்குச் சொல்வதாகச் சொன்னார்கள். அதற்குள் வேன் பிள்ளைப்பாக்கம் பக்கம் ஒரு மண் ரோட்டில் இறங்கிவிட்டது. பைனான்ஸ்காரர்கள் பிடித்த வண்டிகளை நிறுத்தி வைக்கிற யார்டு, சுற்றிலும் தகரம் அடித்த இடம். இடுக்கு வழியாக வரிசை வரிசையாக வண்டிகள் தெரிந்தன. உள்ளே ஆண்கள் பேசுகிற சத்தம். கேட் மூடியிருந்தது. அவன் என்ஜினை நிறுத்தி, சாவியை உருவிக்கொண்டு இறங்கிப் போய் கேட்டைத் தட்டினான்.

அந்த கேட் திறந்து எங்களை உள்ளே விட்டு மூடினால், இந்த எட்டுப் பேரின் அம்மாமார்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? எனக்கு அது ஒன்றுதான் தோன்றியது. சைடு கதவு உள்ளிருந்து திறக்காது. முன் கதவு வழியாக இறங்கினால் அவன் கண்ணெதிரே இறங்க வேண்டும். தேவியால் நிற்கக்கூட முடியாது.

பெட்டியைத் திறந்து பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சாவியை எடுத்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

"அக்கா, இங்கிட்டு குடுங்க." சிவகங்கைப் பக்கத்துப் பெண் முத்துமாரி. "ஊர்ல டிராக்டர் ஓட்டிருக்கேன்."

இரண்டு பேரும் சீட்டின் மேல் ஏறி முன்னால் குதித்தோம். அவள் சாவியைப் போட்டுத் திருப்பினாள். திரும்பவில்லை. மறுபடி திருப்பினாள். அந்தச் சத்தம் கேட்டு அவன் ஓடி வந்தான். நான் அவள் மேலேயே சாய்ந்து கதவின் லாக்கை அமுக்கினேன். அவன் வெளியிலிருந்து தன் சாவியைப் போட்டான். லாக் என் உள்ளங்கைக்கு அடியில் மேலே எழும்பப் பார்த்தது. இரண்டு கையையும் வைத்து அமுக்கிக்கொண்டேன்.

"திரும்ப மாட்டேங்குது அக்கா!"

"முழுசா தள்ளு. தள்ளிட்டு நூலளவு வெளிய இழு. நூலளவுதான். இப்ப திருப்பு."

என்ஜின் உறுமியது. கியரில் இருந்த எழுத்தெல்லாம் எப்போதோ அழிந்துபோயிருந்தது. முதலில் வண்டி முன்னால் பாய்ந்து கேட்டில் இடித்தது. அடுத்ததில் ரிவர்ஸ் கிடைத்தது. அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு ஓடி வந்து விட்டுவிட்டான். மெயின் ரோட்டில் ஜனங்கள் நிற்கிற பெட்ரோல் பங்க் வரைக்கும் செகண்ட் கியரிலேயே போனோம். அங்கே நின்ற பிறகும் நான் கதவின் லாக்கை அமுக்கிக்கொண்டேதான் இருந்தேன்.

ஆபீஸ் வண்டி வந்து பெண்களை ஹாஸ்டலுக்கு அழைத்துப்போனது. கன்னியப்பன் ஷேர் ஆட்டோவில் வந்து சேர்ந்தார். சாயங்காலம் போலீஸ் முன்னிலையில் வேன் பைனான்ஸுக்கே போய்விட்டது. மழுங்கின சாவியையும் அவரே கொடுத்தார்.

"வண்டி போனா வேற வண்டி வரும். இந்தப் புள்ளைங்க போயிருந்தா?" என்று கேட்டேன். அவரிடம் ஒரு பொய்கூட மிச்சம் இல்லை. அன்றைக்கு அவர் மேல் எனக்கு இரக்கமே வரவில்லை. பிற்பாடுதான் வந்தது.

4. மறுபடியும்

சில மாதம் கழித்து வேறொரு பழைய வேனோடு வந்தார். நான் கேட்பதற்கு முன்பே இரண்டு சாவியை என் கையில் வைத்தார். "ஆர்.சி. மட்டுந்தான் பைனான்ஸ்காரன்கிட்ட கீது மேடம். சாவி ரெண்டும் இந்தா கீது." வேனுக்குள் என்னை உட்கார வைத்து, சைடு கதவை உள்ளிருந்து திறக்கச் சொன்னார். திறந்தது.

அன்று ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் ஏறியபின், அவர்கள் பார்க்கவே முதலுதவிப் பெட்டியைத் திறந்து சாவியைப் பஞ்சுக்கு அடியில் வைத்தேன். நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். சாவியை வெளியே இருப்பவர்களிடமிருந்து ஒளித்து வையுங்கள், உள்ளே இருப்பவர்களிடமிருந்து ஒளிக்காதீர்கள்.

முத்துமாரி எட்டிப் பார்த்தாள். "இதயும் நூலளவு வெளிய இழுக்கணுமாக்கா?"

நான் பதில் சொல்வதற்குள் கன்னியப்பன் முன் சீட்டிலிருந்து திரும்பினார்.

"வாணாம்மா. இது ஒரிஜினலு."