யாருக்கும் சிரமம் வேண்டாம் என்ற இருவர்

அக்கா ஒரு தை மாத வெள்ளிக்கிழமையில் தளவானூரில் பிறந்தார். பெற்றோர் கூலி வேலை செய்தவர்கள்; நிலம் கிடையாது. எங்கள் குடும்பத்தில் ஆசிரியர் பயிற்சி முடித்த முதல் பெண் அக்காதான். பக்கத்து வீட்டில் ஒரு தீப்பெட்டிகூடக் கேட்டு வாங்கமாட்டார். "கேட்டா ஒருநாள் சொல்லிக் காட்டுவாங்கடா" என்பார்.

பயிற்சியின் இரண்டாம் ஆண்டு ஆடி மாதத்தில், திண்டிவனத்திலிருந்து செஞ்சி வரும் பேருந்தில் மாமாவைச் சந்தித்தார். நிற்பவர்களின் பையை உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம். "குடு கண்ணு, மடியில வச்சிக்கிறேன்" என்று ஓர் அம்மாள் கை நீட்டினார். "பரவால்லம்மா" என்று அக்கா மறுத்துவிட்டார். பின்னால் நின்றிருந்த கடைத்தெரு மளிகைக்கடைக்காரரின் மகனும் தம் பையைத் தர மறுத்தார்.

"இன்னாபா, ரெண்டு பேர் பையிலயும் ராஜா கோட்டைப் புதையலா இருக்குது? குடுத்துட்டு நில்லுங்க" என்றார் நடத்துநர். எல்லோரும் சிரித்தார்கள். இருவரும் பையைத் தரவில்லை.

"நம்பள மாதிரியே இன்னொரு கிறுக்கு இருக்குதேன்னு தோணுச்சு. அன்னிக்கே புடிச்சிப்போச்சு" என்று மாமா பிற்பாடு என்னிடம் சொன்னார்.

ஒத்த எண்ணமுள்ளவர்களே ஒருவரையொருவர் விரும்புகிறார்கள் என்று பல நூல்களில் படித்திருக்கிறேன். விரும்பியபின் என்ன ஆகிறது என்பதை இவர்களிடம்தான் பார்த்தேன்.

சாதி வேறு என்பதால் வைகாசியில் நடந்த பதிவுத் திருமணத்துக்கு மாமா வீட்டார் வரவில்லை. இவர்களும் போய்க் கெஞ்சவில்லை. மாமா தனியாகச் சிறு கடை வைத்தார். அக்கா அரசுப் பள்ளியில் ஓய்வு பெறும்வரை பணியாற்றினார். குழந்தை இல்லை. பிறருக்கென்றால் இருவரும் ஓடுவார்கள். என் மனைவியின் பிரசவத்தின்போது அக்காதான் மருத்துவமனையில் உடனிருந்தார். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்து நான் கேட்டதேயில்லை. அதைக் கண்டு நாங்கள் பொறாமைப்பட்டோம்.

சென்ற ஆண்டு பங்குனியில் என் வீட்டுப் படியேறும்போது அக்கா நின்று நின்று வந்தார்.

"இன்னாக்கா, இப்படி மூச்சு வாங்குது?"

"வெயில்டா."

"வெயில்தாம்பா, வேற ஒண்ணுமில்ல" என்றார் மாமா.

வேறு எண்ணம் கொண்ட ஒருவர் அக்காவுக்குத் துணையாக வாய்த்திருந்தால், அன்று எனக்குக் கண்ணையாவது காட்டியிருப்பார். உறவினர் அனைவரின் நாள், திதிகளையும் சொல்லத் தெரிந்த எனக்கு, அக்காவின் நோய் எந்த மாதம் தொடங்கியது என்பது இன்றுவரை தெரியாது.

ஆடியில் புதுச்சேரிக்குக் கொண்டு சென்றோம். இதயம் மிகவும் பழுதாகிவிட்டது, முன்பே வந்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர்.

"ஏன்கா எங்கிட்ட சொல்லல? ரெண்டு தெரு தள்ளிதான இருக்கேன்?"

"உனக்கே ஆயிரம் டென்ஷன். சொல்ல வேணாம்னு நான் நெனச்சேன். அவரும் அதையேதான் நெனச்சிருக்காரு." இதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தில் பெருமை இருந்தது.

ஆவணி வளர்பிறைத் தசமியன்று அக்கா காலமானார்.

இப்போது மாமாவின் கால்கள் வீங்கியிருக்கின்றன. "கடையில நின்னுக்கினே இருக்கேன்ல, அதான்" என்கிறார். மருத்துவரிடம் அழைத்தால், "உனக்கு எதுக்குப்பா சிரமம்" என்று அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விடுகிறார். அவரை மறுத்துப் பேசி இழுத்துச் செல்லும் உரிமை உள்ளவர் யாரும் இல்லை. அக்கா இருந்திருந்தாலும் மறுத்திருக்கமாட்டார்.

இந்த நினைவு மலரில், நோயின்போது உதவியவர்களுக்கு நன்றி கூறி முடிக்க வேண்டிய இடம் இது. அப்படி ஒருவரையும் என்னால் குறிப்பிட முடியவில்லை. நீங்கள் எல்லோரும் உதவியிருப்பீர்கள். உங்களை யாரும் கேட்கவில்லை. வந்திருந்து வணங்கியமைக்கு நன்றி.

அச்சுக்குக் கொடுக்குமுன் மாமாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். "எல்லாம் சரிதான்பா. அந்தக் காலு சமாச்சாரம் மட்டும் எடுத்துடு. படிக்கிறவங்களுக்குச் சங்கடம்" என்றார்.

நான் எடுக்கவில்லை.