முதல் பதிப்புக்கு ஓர் உறை

எனக்கு ஒரே கெட்ட பழக்கம், பழைய பொருளியல் நூல்களின் முதல் பதிப்புகளைத் தேடிச் சேர்ப்பது. தேயிலைத் தோட்டத்துப் பங்களாக்களில் வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போனவற்றை அள்ளி வந்தே நுவரெலியாவில் எங்கள் வீட்டு அலுமாரி நிறைந்துவிட்டது.

"எப்பப் பாத்தாலும் முதல், முதல்னு சொல்றீங்க. போட்ட முதல் எப்பங்க திரும்பி வரும்?" என்பாள் என் மனைவி. அவள் முதலாம் தரத்துக்கு, அதாவது ஒன்றாம் வகுப்புக்கு, டீச்சர். நான் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் வாத்தியார். இந்தக் கேள்வி வந்தால் மட்டும் அலுமாரியைத் துடைக்கப் போய்விடுவேன்.

போன ஜனவரியில், ஹோட்டலாக மாறவிருந்த ஒரு பங்களாவின் சமையற்காரர் எனக்கொரு புத்தகம் கொடுத்தார். முதல் பதிப்பு, அதுவும் அச்சான நாளில் போட்ட காகித மேலுறையோடு. சேகரிப்பவர்களுக்கு மேலுறைதான் உயிர். எங்கள் பனியிலும் ஈரத்திலும் அது தப்பிப் பிழைப்பதே அபூர்வம்.

கண்டியில் என்னைப்போல் இன்னொரு பைத்தியம் உண்டு. "உங்க ஊர்ப் புத்தகத்துல காளான்தான் முளைக்கும்" என்று வருஷக்கணக்காகக் கிண்டல் செய்பவர். அவர் வாயை அடைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று அவரை வரச்சொன்னேன். சனிக்கிழமை நானுஓயா ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வந்தேன். வேனில் வழிநெடுக மேலுறைப் புராணம்தான்.

வீட்டு மேசையில், மனைவி தன் வகுப்புப் பிள்ளைகளின் புத்தகங்களுக்கு உறை போட்டு அடுக்கியிருந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே என் புத்தகம். புது பிரவுன் பேப்பர், மடிப்புக் கலையாத மூலைகள், கோதுமை மாப் பசை. பழைய உறை? ஈரத்துணியால் துடைத்தபோது கையோடு வந்துவிட்டதாம். அடுப்பில் போட்டுவிட்டாளாம்.

"உன்னை யாரு தொடச் சொன்னது?" விருந்தாளி முன்னாலேயே கத்தினேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் கத்தினேன்.

அவள் பதிலுக்குக் கத்தவில்லை. "எங்க தோட்டத்து லய வீட்டுல மழைன்னா கூரை ஒழுகும். உறை போடாத புத்தகம் மறுநாள் பள்ளிக்கூடம் போகாது. எங்கப்பா வேலை விட்டு வந்து, கை கழுவிட்டு, முதல்ல உறைதான் போட்டுத் தருவாரு. நீங்க உசுரா வச்சிருக்கிற புத்தகமாச்சே, கிழிஞ்ச உறையோட வெளியாளுக்குக் காட்டுவீங்களேன்னுதான்…" என்றவள் தேநீர் போட உள்ளே போய்விட்டாள்.

நண்பர் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார். "பேப்பர்லதான் பசை. புத்தகத்துல படல. உரிச்சிடவா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

அப்போதுதான் உறைமேல் அவள் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டைக் கவனித்தேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு எழுதுவதுபோல் குண்டு குண்டான எழுத்து. பெயர் என்ற இடத்தில் என் பெயர். பாடம்: பொருளியல். தரம்: 1.



"வேண்டாங்க, இருக்கட்டும்" என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிக் கேட்டேன்: "பிரவுன் பேப்பர் இன்னும் மிச்சம் இருக்கா? அலுமாரியில உறை இல்லாத புத்தகம் நெறைய கெடக்கு."