ஆயுத பூஜைக்கு ஓய்வெடுத்த ஃப்ரீசர்

ஆய்வுக்கூடத்தில் ஆயுத பூஜை கொண்டாடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பொரிகடலை எனக்கும் பிடிக்கும். ஆனால் ஃப்ரீசருக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று படித்துப் பட்டம் வாங்கிய ஒரு மனிதர் முடிவெடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்றைக்கும் வருகிறது.

தொண்ணூறுகளில் தாம்பரத்தை அடுத்த ஓர் ஆய்வுக்கூடத்தில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். அறுந்துபோன டி.என்.ஏ.வை ஒட்டுப்போட நம் செல்லுக்குள் ஒரு புரதம் இருக்கிறது. அத்தனை புரதங்களுக்கு நடுவே அதை மட்டும் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி இருந்தால்தான் என் ஆராய்ச்சி நடக்கும். அது கடையில் கிடைக்காது. வெளிநாட்டில் அதை உருவாக்கிய அம்மையாருக்கு எழுதி எழுதி, சுண்டுவிரல் நுனியளவு ஒரு குப்பி வாங்கி, கெட்டுப்போகாமல் இருக்க ஃப்ரீசரில் வைத்திருந்தேன். என் பட்டமே அதற்குள்தான் இருந்தது.

பூஜைக்கு முந்தின நாள் என் கைடு பொதுவாக அறிவித்தார். "லேடீஸ், சுத்தமா இருக்கறவங்க மட்டும் நாளைக்கு வாங்கம்மா." எனக்கு அப்போது அந்த நாட்கள். ராஜகீழ்ப்பாக்கத்தில் வீட்டோடு இருந்துவிட்டேன்.

விடுமுறையெல்லாம் முடிந்து போனால், ஃப்ரீசர் கதவில் சந்தனம், குங்குமம், வாடிய மாலை. திறந்தேன். உள்ளே புழுக்கம். பனிக்கட்டி உருகித் தரையெல்லாம் ஈரம். என் குப்பி கலங்கிப்போயிருந்தது. உதவியாளர் அண்ணாவைக் கேட்டேன்.

"சார்தாம்மா ஆஃப் பண்ணச் சொன்னாரு. மிஷினு அல்லாத்துக்கும் ரெஸ்ட்டுன்னாரு. நான் இன்னா பண்றது?"

மனசு கேட்காமல் அதையே சோதனையில் போட்டுப் பார்த்தேன். ஆன்டிபாடி புரதத்தைப் பிடித்திருந்தால் ஃபிலிமில் கறுப்பாக ஒரு கோடு விழ வேண்டும். ஒன்றும் விழவில்லை. அழுதுகொண்டே கைடிடம் போனேன்.

"உன் ஆன்டிபாடியை நீதானே பாத்துக்கணும்? பூஜையன்னிக்கு ஏன் வரலை?" என்றார்.

வராதே என்றவரும் அவர்தான், ஏன் வரவில்லை என்று கேட்டவரும் அவர்தான். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு நான்.

வெட்கத்தை விட்டு அந்த அம்மையாருக்கு மறுபடி எழுதினேன். பல மாதம் கழித்து இன்னொரு குப்பி வந்தது. இதற்குமேல் தன்னிடம் இல்லை என்றும் சொல்லியிருந்தார். வேலை பாதி முடிவதற்குள் அடுத்த ஆயுத பூஜை வந்துவிட்டது. ஃப்ரீசரை மட்டும் விட்டுவிடுங்கள் என்று முன்கூட்டியே கெஞ்சினேன். "சாமி காரியம்மா, ஒரு நாள்ல ஒண்ணும் ஆயிடாது" என்றார் கைடு. போன வருஷம் போனது அவருடைய பட்டம் இல்லையே!

பூஜையன்று எல்லோருக்கும் முன்னால் போய், ஃப்ரீசரை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சந்தனக் கிண்ணத்தோடு கைடு வந்தார்.

"நகரும்மா, ஸ்விட்சை அணைக்கணும்."

"எனக்கு இன்னிக்கு ரெண்டாம் நாள் சார்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினார். வெளியே போ என்று சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. சாயங்காலம் வரை ஒருவரும் என் பக்கம் வரவில்லை. ஃப்ரீசர் ஓடிக்கொண்டே இருந்தது.

உண்மையில் அன்று எனக்கு அப்படி எதுவும் இல்லை.