பிசாசை அதட்டப் போன வீடுகள்

பாஸ்டரம்மா வேலைக்கு யாரும் மனுப் போடுவதில்லை. பாஸ்டரைக் கட்டிக்கொண்டால் தானாக வந்து சேரும். என்னைக் கட்டிக்கொண்டபோது எங்கள் வீட்டுக்காரர் மில் தொழிலாளி. இரண்டாயிரமாவது வருஷம் பிறந்து கொஞ்ச நாளில் மில்லை விட்டு ஊழியத்துக்கு வந்தார். முதலியார்பேட்டையில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே ஜெப வீடு திறந்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, மற்ற நாளில் வீடு சந்திப்பு, இவ்வளவுதான் இருக்கும் என்று நினைத்தேன். சில மாதத்திலேயே, "உங்க வீட்டுக்காரர் பிசாசு ஓட்டுவாராமே" என்று ஆட்கள் படியேற ஆரம்பித்துவிட்டார்கள்.

கம்பவுண்டர் வீட்டில், லைன்மேன் வீட்டில், பாம்பு பிடிக்கிறவர் வீட்டில் வாழ்க்கைப்பட்ட சகோதரிகளுக்கு என் நிலைமை புரியும். நாம் சோறு வடிக்கும் நேரம் பார்த்துத்தான் கதவைத் தட்டுவார்கள். வந்தவர் முகத்தைப் பார்த்தால் 'சாயங்காலம் வாங்க' என்று சொல்லவும் மனசு வராது. இயேசுவின் பெயருக்கு முன்னால் எந்தப் பிசாசும் நிற்காது, அந்த அதிகாரத்தை அவர் தம்மை நம்புகிறவர்களுக்குக் கொடுத்திருக்கிறார் என்பது எங்கள் விசுவாசம். அதில் எனக்கு அன்றும் சந்தேகம் இருந்ததில்லை, இன்றும் இல்லை. ஆனால் விசுவாசம் இருந்தால் பயம் வராது என்று யார் சொன்னது?

உமக்கு பிரெஞ்சு தெரியுமா?

முதலில் எங்களைக் கூப்பிட்டு அனுப்பியவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் பெரிய மாடி வீடு. மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் பிரான்சில். மாடி அறையில் யாரோ நடக்கிறார்கள், பீரோவைத் திறந்து மூடுகிறார்கள் என்றார். கீழே கூடத்திலேயே ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். எங்கள் வீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உமக்கு பிரெஞ்சு தெரியுமா?" என்று கேட்டார். வெள்ளைக்காரர் கட்டிய வீடாம், அதில் இருப்பதற்குத் தமிழ் புரியாதாம். எங்கள் வீட்டுக்காரருக்குத் தெரிந்த பிரெஞ்சு 'போன்ழூர்', 'மெர்சி' இரண்டுதான். வந்தவரை வரவேற்கவும் நன்றி சொல்லவும் ஆகும், துரத்துவதற்கு ஆகாது. "நான் யார் பேரச் சொல்லி அதட்டறேனோ அவருக்கு எல்லா பாஷையும் தெரியும் ஐயா" என்று சொல்லிவிட்டு இவர் மாடிக்கு ஏறினார். நானும் பின்னாலேயே ஏறினேன்.

அது பெரியவரின் மனைவி இருந்த அறை. அந்த அம்மாள் இறந்ததிலிருந்து ஜன்னலைத் திறந்ததே இல்லை. இவர் நடுவில் நின்று, "இயேசுவின் நாமத்தில் சொல்கிறேன், இந்த வீட்டை விட்டுப் போ" என்று நிதானமாகச் சொன்னார். பிறகு ஜன்னல்களைத் திறந்தோம். கடல் காற்று வந்து திரைச்சீலையைத் தூக்கியது. பெரியவரைக் கைப்பிடித்து மேலே அழைத்து வந்து, அங்கேயே மூன்று பேரும் உட்கார்ந்து காப்பி குடித்தோம். அடுத்த வாரம் ஜெப வீட்டுக்கே வந்தார், சவரம் செய்த முகத்தோடு. மாடியிலேயே தூங்குகிறாராம். "தமிழ்லயே போயிடுச்சு மதாம். நான்தான் இத்தன நாளா பிரெஞ்சுல கெஞ்சிட்டிருந்தேன்."

எங்கள் வீட்டுப் பிசாசு

ஊராரைத் தைரியப்படுத்தின கதையை மட்டும் சொன்னால் நியாயமில்லை. ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்ட் போயிருந்தது. ஆராதனைக் கூடத்துக்குள்ளிருந்து திம் திம் என்று ஒரு சத்தம். நிற்கும், மறுபடி வரும். ஆள் நெஞ்சில் அடித்துக்கொள்கிற மாதிரி இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு ஒருவரையொருவர் பார்த்தோம். "நீ மெழுகுவத்தி புடி, நான் ஜெபிக்கறேன்" என்றார். மெழுகுவத்தி பிடிக்கிறவள் முன்னால் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா?

கீழே சைக்கிள் கடை வைத்திருந்த வீட்டு உரிமையாளர்தான் எங்கள் குரலைக் கேட்டு டார்ச்சோடு மேலே வந்தார். முருகன் பக்தர். நெற்றி நிறைய விபூதியோடு நேரே உள்ளே போய், பழைய ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் குனிந்தார். பெட்டியின் கிழிந்த துணி வழியாக ஒரு புறா உள்ளே புகுந்து, வெளியே வரத் தெரியாமல் இறக்கையை அடித்துக்கொண்டிருந்தது. அதைப் பக்குவமாக எடுத்து ஜன்னல் வழியே பறக்கவிட்டார். நாங்கள் மூச்சு விட்டோம். கைகளைத் தட்டிக்கொண்டே படியிறங்கினவர் பாதியில் திரும்பி நின்று கேட்டார்: "நீங்களே பயந்துட்டா நாங்க யாரப் போய் கூப்படறது பாஸ்டர்?"

இட்லிக் கடை வாசலில்

எங்கள் சபைக்கு வந்துகொண்டிருந்த அமலா, மெயின் ரோட்டோரம் இட்லிக் கடை போட்டிருந்தாள். புருஷன் விட்டுப் போனவள். அந்தக் கடைதான் அவளுக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் சோறு. ஒரு காலையில் கடை வாசலில் குங்குமம் தடவி ஊசி குத்தின எலுமிச்சம்பழம் கிடந்தது. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று தெரு முழுக்கப் பேச்சு. வழக்கமாக வருகிறவர்கள்கூட ரோட்டுக்கு அந்தப் பக்கமாகப் போனார்கள். அமலா கடையை அப்படியே விட்டுவிட்டு எங்களிடம் ஓடி வந்தாள். "எனக்கு எதனா ஆனா பரவால்ல பாஸ்டரம்மா, புள்ளைங்களுக்கு ஆயிடப் போவுது" என்றாள்.

இவர் போய் அந்தப் பழத்தின் எதிரில் நின்று ஜெபம் செய்தார். வெறும் கையாலே எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். கையைக் கழுவிக்கொண்டு, ரோட்டைப் பார்த்த மாதிரி பெஞ்சில் உட்கார்ந்து இட்லி கேட்டார். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டு முடித்துத் தோசை கேட்டார், அப்புறம் இன்னொன்று. அதற்குள் பெஞ்சில் இடமில்லாமல் போய்விட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த பழைய மில் தோழர் ஒருவர் தட்டை வாங்கிக்கொண்டு சொன்னார்: "நான் அந்தாண்டையே நின்னு பாத்துட்டிருந்தேன். நீ ரெண்டாவது தோசை கேட்ட பாரு, அப்பதான்யா எனக்கும் பசிச்சுது."

தவளக்குப்பத்து மருமகள்

தவளக்குப்பத்திலிருந்து ஒரு மாமியார் வந்தார். விவசாயக் குடும்பம், சாமி கும்பிடுகிறவர்கள். புது மருமகள் சுமதி திடீர் திடீரென்று விழுகிறாள், ஆண் குரலில் பேசுகிறாள், எங்கெங்கோ கூட்டிப் போய்ப் பார்த்தாகிவிட்டது என்றார். இனிமேலும் தீராவிட்டால் தாய் வீட்டுக்கே அனுப்பிவிடுவதாகப் பேச்சு. பஸ் பிடித்துப் போனோம். வீடு நிறைய ஆள். அந்தப் பெண்ணை மூலையில் உட்கார வைத்திருந்தார்கள். முழங்கையில் பிரம்படித் தடம். இவர் முதல் வேலையாக மாமியாரைத் தவிர எல்லோரையும் வெளியே அனுப்பினார். "இவ மேல இனிமே யாரும் கை வைக்கக் கூடாது. பேர் சொன்னா போவும், அடிக்கத் தேவையில்ல" என்றார். சுமதி நிமிர்ந்து, "போவ மாட்டேன்டா" என்றாள். அது அந்தப் பெண்ணின் குரலே இல்லை. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடாமல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இவர் குரலை உயர்த்தவில்லை. இயேசுவின் நாமத்தில் போ என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். திடீரென்று அவள் உடம்பு தளர்ந்து என் தோளில் சாய்ந்தாள். "அக்கா, தண்ணி" என்றாள், சின்னப் பெண்ணின் குரலில்.

தண்ணீர் குடிக்கும்போது பார்த்தேன், நாக்கில் கடித்த புண். அவள் மெதுவாக என் காதில் சொன்னாள்: "இழுப்பு எனக்கு சின்ன வயசுலேர்ந்தே இருக்குக்கா. கல்யாணத்துக்கு முன்னாடி யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க." பேசின குரல் வேறு, இந்த இழுப்பு, அதாவது வலிப்பு நோய், வேறு என்று எனக்கு விளங்கியது. ஒன்றுக்கு நாங்கள் போதும், மற்றதற்குப் போதாது. அவள் காதில் சொன்னதை நான் வெளியே சொல்லவில்லை. நாக்குப் புண்ணை மட்டும் இவரிடம் காட்டினேன்; இழுப்பு வந்தால் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள் என்று அவருக்கும் தெரியும். அவர் மாமியாரை உட்கார வைத்து, "அந்தக் குரல அதட்டறதுக்கு எங்களுக்கு அதிகாரம் இருக்கு. இழுப்புக்கு டாக்டர்கிட்ட மருந்து இருக்கு. அவரையும் எங்க ஆண்டவர்தான் வச்சிருக்காரு. நாளைக்கே கூட்டிட்டுப் போங்க" என்றார்.

கூட்டிக்கொண்டு போனார்கள். அந்தக் குரல் திரும்ப வரவில்லை. விழுவதும் மாத்திரையில் கட்டுப்பட்டது. அடுத்த வருஷம் சுமதி கைக்குழந்தையோடு எங்கள் படியேறி வந்தாள். மாமியார்தான் பிள்ளையை வைத்திருந்தார். எப்படி இருக்கிறாள் என்று கேட்டதற்கு அந்த அம்மாள் சொன்னது: "மாத்திரையும் போடறா, ஜெபமும் பண்றா. எதுல கேட்டுச்சுன்னு நான் ஆராய்ச்சி பண்ணல. ரெண்டையும் நிறுத்தாதடின்னு மட்டும் சொல்லி வச்சிருக்கேன்."

கடலுக்குள்

சுனாமிக்கு அடுத்த வருஷம் குருசுக்குப்பத்திலிருந்து அஞ்சலை வந்தாள். அவள் புருஷன் தேசிங்கு மீன் பிடிக்கிறவர். கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த அவர் தம்பியை அலை இழுத்துக்கொண்டு போனது, உடம்பு கிடைக்கவில்லை. அப்புறம் ஒரே ஒரு தடவை கடலுக்குப் போனார். வலையைப் போட்டதும் அடியிலிருந்து யாரோ பிடித்து இழுத்தார்களாம்; 'அண்ணே, வா' என்று தம்பியின் குரல் கேட்டதாம். திரும்பி வந்தவர் அதோடு சரி, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். நாங்கள் போனபோதும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். இவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்: "உன் தம்பி உன்ன எப்பனா பயமுறுத்தியிருக்கானா?" தேசிங்கு இல்லை என்று தலையாட்டினார். "எம்மேல உசுரு பாஸ்டர் அவனுக்கு" என்றார். "அப்ப அது அவன் இல்ல. செத்தவங்க வந்து கூப்பட மாட்டாங்க. அவன் குரல எடுத்துகிட்டு வேற ஒண்ணு பேசுது. அத அதட்டலாம். எங்க கேட்டுச்சோ அங்கயே வச்சு அதட்டலாம், வா, நானும் வரேன்." தேசிங்கு அப்போதுதான் அழுதார். தம்பி போனதிலிருந்து அழவே இல்லை என்று அஞ்சலை என்னிடம் சொன்னாள்.

நானும் வரேன் என்று இவர் சொல்லிவிட்டார். இவருக்கு நீச்சல் தெரியாது. பஸ்ஸில் கடலூர் போனாலே குமட்டும். விடிந்ததும் தேசிங்கும், எஞ்சின் பிடிக்க அவர் மச்சானும், இவருமாக ஃபைபர் போட்டில் ஏறினார்கள். நானும் அஞ்சலையும் கரையிலேயே நின்றோம். போட்டு புள்ளியாகி மறைந்தது. நான் பிசாசை நினைக்கவே இல்லை. வீட்டில் எங்கள் இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருப்பார்கள் என்பதுதான் ஞாபகம். காற்றையும் கடலையும் அடக்கினவரே, இவரைத் திருப்பிக் கொடும் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அஞ்சலை என் கையை விடவில்லை. அவள் பிடித்த இடம் சிவந்துபோய்விட்டது.

வெயில் ஏறின பிறகு போட்டு தெரிந்தது. முதலில் தேசிங்கைத்தான் பார்த்தேன். முன்பக்கத்தில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்காரரைக் காணோம். கரை தட்டினதும்தான் தெரிந்தது, அவர் வலை மேல் மல்லாந்து படுத்திருந்தார், முகம் வெளுத்து, கண்ணை மூடிக்கொண்டு. "ஏங்க" என்றேன். ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டினார். நான் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். கூடையில் மீன் துள்ளிக்கொண்டிருந்தது. தேசிங்கு தண்ணீரில் குதித்து இறங்கி, அஞ்சலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "அந்த எடம் வந்ததும் வல இழுத்துச்சு பாஸ்டரம்மா. பாஸ்டருக்கு வாந்தி நிக்கல, எழுந்திருக்கவே முடியல. அதனால இயேசு பேரச் சொல்லி நானே அதட்டிட்டேன். போயிடுச்சு."

இத்தனை வருஷத்தில் நான் பார்த்தவரை, பிசாசு கிளம்புவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்வதில்லை. அது போய்விட்டது என்று வீட்டாரை நம்பவைத்து ஒரு வாய் சாப்பிட வைப்பதற்குள்தான் எங்களுக்குப் பொழுது சாய்ந்துவிடுகிறது.