கெட்ட சேதி மாடி ஏறாத வீடு

கல்லூரியின் பின்பக்கச் சுவரை ஒட்டி நான்கு தெருக்கள் இருந்தன. எந்த வீட்டை எடுத்துக்கொண்டாலும் கீழே வீட்டுக்காரர்கள், மாடியில் படிக்கிற பிள்ளைகள். விடுமுறை விட்டால் மாடிகள் மட்டும் இருண்டு கிடக்கும். தெருவே பாதி உயரத்துக்குக் குறைந்துபோன மாதிரி தெரியும்.

இரண்டாவது தெருவில் ஒரு வீட்டு மாடியில் நான் ஏழு வருடம் இருந்தேன். ஐந்து வருடம் மாணவியாக, இரண்டு வருடம் கல்லூரி நூலகத்தில் புத்தக முதுகுகளில் எண் ஒட்டுகிறவளாக. வீட்டுக்காரம்மாவை மாடியில் இருந்த நாங்கள் நான்கு பேரும் பெரியம்மா என்று கூப்பிட்டோம். தெருவுக்கு அவர் டைப் அம்மா.

அவருடைய கணவர் கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளர். ஒரே மகள் ஆறாவது படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் வேலை நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பத்தாவதோடு நின்றுபோன பெரியம்மாவுக்குக் கையில் இருந்தது, கல்யாணத்துக்கு முன்னால் கற்ற டைப்பிங் ஒன்றுதான். ஆய்வகத்துப் பேராசிரியர் ஒருவர் இரக்கப்பட்டுத் தன் மாணவரின் ஆய்வேட்டை அடித்துத் தரச் சொன்னார். அன்றிலிருந்து முன்னறை டைப் அறையாகிவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் அந்த ஜன்னலோரக் கணினி வழியாகப் போயிருக்கும்.

அவர் வெறுமனே அடிக்க மாட்டார், படிப்பார். ஒரு முறை ஓர் ஆய்வு மாணவர் அச்சிட்ட தாள்களை வாங்க வந்திருந்தார்.

“தம்பி, மூணாவது அத்தியாயத்துல இருக்கிற பத்துப் பக்கம் அஞ்சாவதுலயும் அப்படியே வந்திருக்கு.”

“அதெல்லாம் யாரும் கவனிக்க மாட்டாங்கம்மா.”

“நான் கவனிச்சுட்டேனே. ரெண்டு தடவை அடிச்ச எனக்கே கை வலிக்குது, படிக்கிறவருக்குக் கண்ணு வலிக்காதா?”

மாணவர் தாள்களை அள்ளிக்கொண்டு தலையைச் சொறிந்தபடி போனார். பெரியம்மா என் பக்கம் திரும்பி, “தவளையைப் பத்தி மட்டும் மூணு அடிச்சிருக்கேன். ஒரு தவளைகூட இன்னும் வந்து, எப்படி இருக்கேன்னு கேட்டதில்ல” என்றார்.

அந்த வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. பரீட்சை நடக்கும்போது கெட்ட சேதி மாடி ஏறக் கூடாது. பிள்ளையைக் கொண்டுவந்து விடும் அன்றைக்கே பெற்றோரிடம் சொல்லிவிடுவார்: “வீட்டுல எது நடந்தாலும் முதல்ல எனக்குத்தான் போன் பண்ணணும். பொண்ணுக்கு எப்பச் சொல்லணும்னு நான் பாத்துக்கறேன்.” சட்டத்துக்குக் காரணம் இருந்தது. மாடிக்கு முதன்முதலில் குடிவந்த பெண் ஒருத்தி பரீட்சைக்கு நடுவில் அப்பாவின் சாவுக்குப் போனாள். போனவள் திரும்பவேயில்லை. தம்பி தங்கைகளுக்குச் சமைக்க ஆள் வேண்டும் என்று நிறுத்திக்கொண்டார்கள். அவளுடைய பெட்டியை அவள் மாமா வந்து எடுத்துப் போனாராம். “சாவுக்குப் போனவளையும் சேத்துப் புதைச்சிட்டாங்க” என்று பெரியம்மா சொல்வார்.

என் மேலும் அந்தச் சட்டம் பாய்ந்தது. இரண்டாம் வருடப் பரீட்சையின்போது என் சித்தப்பா இறந்துபோனார். பள்ளிக்கூடத்துக்கு என்னைச் சைக்கிளில் வைத்து அழைத்துப் போனவர். பதினோரு நாள் எனக்குத் தெரியாது. கடைசிப் பரீட்சை முடிந்து வந்ததும் பெரியம்மா என்னை உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, குடித்து முடித்த பிறகு சொன்னார். அழுதேன், கோபப்பட்டேன். மதிப்பெண் வந்தபோது கோபம் போய்விட்டது. நன்றிகூட வந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பரீட்சை என்பது எங்களுக்கு ஊருக்கு ஒரே தடவை வரும் பஸ் மாதிரி. விட்டால் விட்டதுதான்.

போன வருட மழைக்காலத்தில் பெரியம்மாவுக்கு இருமல் வந்தது. இருமிக்கொண்டே ஓர் ஆய்வேட்டை முடித்துக் கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூச்சு வாங்கி மாடிப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றவரை நான்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது என்றார்கள். முகத்தில் மூடி போட்டு ஆக்சிஜன் வைத்தார்கள்.

அவருடைய மகள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், இரண்டு விமானம் மாறிப் போக வேண்டிய ஊரில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். அந்த வெள்ளிக்கிழமை அவருக்கு வைவா. ஐந்து வருட உழைப்பைப் பற்றி ஆசிரியர்கள் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டிய நாள்.

பெரியம்மா மூடியை விலக்கிச் சொன்ன முதல் வார்த்தை, “அவளுக்குச் சொல்லாத. வெள்ளிக்கிழமை முடியட்டும்.”

குரலைக் கேட்டால் மகள் கண்டுபிடித்துவிடுவார் என்று, போன் கெட்டுவிட்டது, பேச்சு கேட்கவில்லை, இனி மெசேஜ் மட்டும்தான் என்று சொல்லிவிட்டோம். பெரியம்மா சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.

“‘சாப்பிட்டியா’ன்னு போடு. பின்னால ரெண்டு புள்ளி வை.”

“எதுக்குப் பெரியம்மா ரெண்டு?”

“ஒண்ணு வச்சா நான் கோவமா இருக்கேன்னு நினைப்பா. மூணு வச்சா சாகக் கிடக்கேன்னு நினைப்பா.”

பக்கத்துக் கட்டில் அம்மாள்கூடச் சிரித்தார்.

புதன்கிழமை காலையில் மருத்துவர், தேறி வருகிறார், இன்னும் நான்கைந்து நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார். மத்தியானம் நூலகத்தில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தேன். பெரியம்மா ஜன்னலைப் பார்த்தபடி படுத்திருந்தார். நான் உட்கார்ந்ததும் மூடியைக் கழற்றினார்.

“அவளுக்குப் போனைப் போடு. குரலைக் கேக்கணும் போல இருக்கு.”

“நாளன்னைக்குத்தானே பெரியம்மா. வைவா முடியட்டும்.”

“நான் வாயத் தெறக்க மாட்டேன். அவ பேசட்டும், நான் கேட்டுக்கறேன்.”

“மூச்சு சத்தம் கேட்டுடும். அவ்வளவுதான், எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு ஓடி வந்துடுவாங்க. இத்தனை வருஷம் நீங்க கஷ்டப்பட்டதெல்லாம் என்ன ஆகும்?”

அவர் ஊசி போட வந்த நர்ஸிடம், “பாத்தியா, என் பாடத்தை எனக்கே நடத்துறா” என்றார். மூடியை அவரே மாட்டிக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பல தடவை யோசித்தேன். ஆனால் அன்றைக்கு எனக்கு வந்தது பெருமைதான். நான் வளர்ந்துவிட்டேன், அவர் சோர்ந்த நேரத்தில் அவருடைய சட்டத்தை நான் தூக்கிப் பிடிக்கிறேன் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. விடியற்காலையில் திடீரென்று மூச்சுத் திணறியதாம். நான் போய்ச் சேருவதற்குள் துணியால் முகத்தை மூடிவிட்டார்கள்.

நடையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். மடியில் இரண்டு போன், ஒன்று என்னுடையது, ஒன்று பெரியம்மாவுடையது. அக்காவைக் கூப்பிட வேண்டும் என்று தெரியும். வைவாவுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றும் தெரியும். போனவர் போய்விட்டார், இப்போது சொன்னால் வைவாவும் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினோரு மணிக்குப் பெரியம்மாவின் போன் அதிர்ந்தது. “அம்மா, உள்ள போறேன்.”

நான் பதில் அடித்தேன். “நல்லா பண்ணு..” இரண்டு புள்ளி வைத்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்து என் போனில் அக்காவின் குரல். “பாஸாயிட்டேன். அம்மா பக்கத்துல இருந்தா உன் போனைக் குடேன். அவங்களதுதான் கெட்டுக் கிடக்கு.”

என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. அவர் அழவில்லை, “எப்ப?” என்று மட்டும் கேட்டது நினைவிருக்கிறது. நான் நேரத்தைச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து சேர்ந்தார். காரியங்கள் நடந்தன. நான்காம் நாள் காலை நான் வேலைக்குக் கிளம்பிப் படி இறங்கியபோது, டைப் அறையில் அக்கா பெரியம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து அம்மாவின் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு நிமிஷம் வா” என்றார். “வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு எனக்குப் பதில் வந்திருக்கு.”

“நான்தான்கா அனுப்பினேன்.”

“தெரியும். மத்ததெல்லாம்?”

“வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பெரியம்மா சொல்லிச் சொல்லித்தான் அடிச்சேன். ஒரு வார்த்தை நானாப் போடல.”

அவர் தலையாட்டினார். “அம்மா பிடிவாதம் எனக்குத் தெரியும். தன்னோட சட்டத்துக்கு என்னையே பலி குடுத்துட்டாங்க. அதை மட்டும் என்னால மன்னிக்க முடியல.”

அங்கே நான் பேசாமல் இருந்திருக்கலாம். செத்தவர் மேல் பழி கிடந்தால் யாருக்கு நஷ்டம் என்று ஒரு கணம் மனம் கணக்குப் போட்டது. பிறகு சொன்னேன். புதன்கிழமை மத்தியானம் பெரியம்மா போனைப் போடச் சொன்னதையும், பேசாமல் கேட்டுக்கொள்வதாகச் சொன்னதையும், நான் தடுத்ததையும்.

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

“எதுக்குத் தடுத்த?”

“வைவா போயிடும்னு.”

“எங்க போகும்?” அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. “அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு ஒரு லெட்டர் குடுத்தா ஒரு மாசம் தள்ளி வச்சிருப்பாங்க. இது என்ன எட்டாவது பரீட்சையா?”

அவர் விரலை மடக்கி இரண்டு ஊர்களின் நேரத்தையும் கணக்குப் பார்த்தார்.

“புதன்கிழமை அந்த நேரத்துல நான் துணி துவைக்கிற இடத்துல, மெஷின் நிக்கட்டும்னு உக்காந்திருந்தேன். ஒரு மணி நேரம். கையில போனை வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தேன்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். “நேரமாகுது, நீ வேலைக்குப் போ” என்றார்.

நூலகத்துக்கு எதிரில் ஐம்பது அடி தூரத்தில்தான் கல்லூரியின் ஆராய்ச்சி அலுவலகம். இரண்டு வருடம் தினமும் அதைத் தாண்டித்தான் போய்வந்திருக்கிறேன். அன்றைக்கு முதல் தடவையாக உள்ளே போனேன். அக்கா சொன்னது அந்த ஊருக்கு மட்டும் பொருந்துவதாக இருக்க வேண்டும், இங்கே அப்படி நடக்காது என்று யாராவது சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் போனேன். வைவாவைத் தள்ளிப்போட முடியுமா என்று அங்கிருந்த எழுத்தரிடம் கேட்டேன்.

அவர் கோப்பிலிருந்து நிமிரவில்லை. “லெட்டர் குடுத்தாப் போதும்மா. போன மாசம்கூட ரெண்டு பேருக்குத் தள்ளி வச்சோம். ஒருத்தருக்குக் கல்யாணம், ஒருத்தருக்கு அம்மை.” பிறகு படிவக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி என் பக்கம் நகர்த்தினார். “யாருக்கு வேணும்?”

நான் தாளை அவர் பக்கமே தள்ளிவைத்தேன்.

“யாருக்கும் இல்ல சார். தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்.”