மூன்றாம் கூப்பாட்டுக்காரர்

முதல் தரம் கூப்பிட்டால் நல்லரத்தினம் திரும்பமாட்டார். கல்லடி ஊரில், வாவிப் பக்கத்து வேலியோடு குந்தியிருந்து வீச்சுவலையில் சிக்கெடுத்துக்கொண்டிருப்பார். யாராவது கூப்பிடுவார்கள். கை மட்டும் நிற்கும். இரண்டாம் தரத்துக்கும் அசையமாட்டார். மூன்றாம் தரம் கூப்பிட்ட பிறகுதான் "ஓம், வாறன்" என்று எழும்புவார். மீன் வாங்க வருகிறவர்கள் பழகிவிட்டார்கள். தெருமுனையிலேயே தொடங்கி, படலைக்கு வருவதற்குள் மூன்றையும் கூப்பிட்டு முடித்துவிடுவார்கள். கைபேசி அடித்தாலும் மூன்றாம் மணிக்குத்தான் எடுப்பார் என்று ஊரில் ஒரு கேலி உண்டு.

காரணம் கேட்டால் சொல்லுவார். குரல் மட்டும் தணிந்துவிடும். "ஆக்கள் எண்டா மூணு தரம் கூப்பிடுவாங்க. தண்ணிக்குள்ள இரிக்கிறது ஒருதரந்தான் கூப்பிடும். நமக்குத் தெரிஞ்ச ஆக்கள்ர குரல்ல கூப்பிடும்." அவருக்குப் பதினொரு வயதாயிருந்தபோது, உச்சி வெயிலில் அவருடைய தம்பி "அண்ணன் கூப்பிடுறான்" என்று தாயிடம் சொல்லிவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் போனான். அண்ணன் அந்த நேரம் பள்ளிக்கூடத்தில் இருந்தான். இதைச் சொல்லும்போது நல்லரத்தினம் வாவியைப் பார்ப்பதில்லை.

இதொன்றும் கம்சாயினிக்குத் தெரியாது. அவருடைய மகள் அஜந்தாவின் ஒரே பிள்ளை. ஏழு வயது. பிரான்சில் பிறந்து பிரெஞ்சு மட்டும் பேசுகிறவள். தமிழில் சோறு, தண்ணி, வா, போதும், ஓம். அதற்கு மேல் 'அம்மப்பா'. அந்த ஒரு சொல்லை விமானத்தில் வரும் வழியெல்லாம் வாய்க்குள் உருட்டிப் பழகிக்கொண்டு வந்தாள். வந்த அன்றே வேலியடியில் போய் நின்று "அம்மப்பா" என்றாள். அவர் திரும்பவில்லை.

இன்னொரு தரம் கூப்பிடப் பிள்ளைக்கு வாய் வராது. அவளுடைய வீட்டில் ஒரு தரம் கூப்பிட்டால் ஆள் வரும். வராவிட்டால் வர விருப்பமில்லை. ஒவ்வொரு நாளும் போவாள், ஒரு தரம் கூப்பிடுவாள், கொஞ்சம் நிற்பாள், போய்விடுவாள். அவரும் வலையில் கை நிற்க, மிச்ச இரண்டுக்கும் காத்திருப்பார். பாவம், இரண்டு பேரும். அவள் பெயரை அவர் ஒரு நாளும் சொன்னதில்லை, தண்ணீருக்குக் கேட்டுவிடும் என்று. சாப்பிடக்கூடக் கையைக் காட்டித்தான் அழைப்பார்.

எட்டாம் நாள் தலை வாரும்போது தாயிடம் பிரெஞ்சில் கேட்டாள். "அவருக்கு என்னைப் பிடிக்கவில்லையா?" சின்னப் பிள்ளையை ஏன் பயப்படுத்துவது என்று அஜந்தா, "அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்று சமாளித்தாள். பிள்ளை நம்பவில்லை. வலைக்குக் கிட்டக் காகம் வந்தால் மட்டும் அவருக்குக் கேட்கிறதே.

மறுநாள் அஜந்தா பாலம் கடந்து டவுனுக்கு, காணி உறுதி அலுவலாக அரசாங்கக் கந்தோருக்குப் போயிருந்தாள். மத்தியானம். காற்று விழுந்து வாவி அசையாமல் கிடந்தது. அம்மப்பா வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். கம்சாயினி வேலியடியில் தனியே நின்றாள்.

"கம்சாயினி, வா மனே."

அம்மப்பாவின் குரல். தண்ணீர்ப் பக்கமிருந்து வந்தது. கிணற்றடியில் அவர் தண்ணீர் ஊற்றும் சத்தமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஒன்பது நாளாக ஏங்கின பிள்ளை அதையெல்லாம் யோசிக்குமா? "ஓம்" என்று இறங்கினாள்.

சேறு கால்களைப் பிடித்தது. முன்னால் யாருமில்லை. தண்ணீர் நெஞ்சுக்கு வந்தபோதுதான் பயந்து, "அம்மப்பா" என்று கத்தினாள். ஒரேயொரு தரம். அடுத்ததுக்கு மூச்சு வரவில்லை.

தண்ணீர்ப் பக்கமிருந்து, தெரிந்த குரலில், ஒரு தரம். அறுபது வருடமாக நல்லரத்தினம் பயந்துகொண்டிருந்தது அச்சொட்டாக இதற்குத்தான்.

"ஓம் மனே, வாறன்!"

வாளி கிணற்றுக்குள் போய் விழுந்தது. இடுப்பில் கட்டியிருந்த ஈரச் சாரத்தோடு ஓடிவந்து இறங்கி, சேற்றிலிருந்து அவளை உருவித் தூக்கினார். அவள் ஆழத்துப் பக்கம் கையை நீட்டி, தன்னிடமிருந்த சொற்களை வைத்துச் சொன்னாள். "அம்மப்பா... வா... அம்மப்பா."

அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவளுடைய ஒரு காதைத் தன் நெஞ்சோடு அழுத்தி, மற்றக் காதை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டு, கரையை நோக்கி நடந்தார்.