விதைக்காத தட்டில் முளைத்த சிவப்பு

கண்ணுக்குத் தெரியாத கிருமியை வளர்க்கிற இடத்தில் ஏதாவது தப்பு நடந்தால், கண்ணுக்குத் தெரிகிற ஆள் மேல்தான் சந்தேகம் விழும். என்னைப் போலக் கழுவித் துடைத்துப் பிழைக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அடையாற்றில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் ஒப்பந்த வேலை எனக்கு.

பாலவாக்கத்தில் ஒரு பை மண்

அங்கே படிக்கிற செல்விக்கு உப்பு மண் வேண்டியிருந்தது. துணைக்கு நான் போனேன். பாலவாக்கம் கடற்கரையில் குனிந்து மண் அள்ளினோம். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருத்தர் எழுந்து வந்துவிட்டார். மண்ணில் இருக்கிற கிருமியை வளர்க்கப் போகிறோம் என்று செல்வி எவ்வளவோ சொன்னாள். அவர் என்னைத்தான் பார்த்தார்.

"இன்னிக்கு மண்ணு எடுத்துக்கினு போவீங்கோ, நாளைக்கு எங்க வூட்டை அளக்க டேப்பு எடுத்துக்கினு வருவீங்கோ. தெரியாதா இன்னா?"

சும்மா விட்ட தட்டு

கடல்பாசிப் பொடியைக் கூழாக்கி, உப்பு சேர்த்துத் தட்டில் ஊற்றுவார்கள். உறைந்ததும் மண் கரைத்த தண்ணீர் ஒரு சொட்டு. பத்து நாளில் கிருமி புள்ளி புள்ளியாக எழும்பும். கூடவே ஒரு தட்டை மண் படாமல் சும்மா வைப்பார்கள். அதில் எதுவும் வரக் கூடாது. வந்தால் அழுக்கு வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது, மொத்த வேலையும் வீண்.

சும்மா வைத்த தட்டில் மூன்று தரம் சிவப்புப் புள்ளி வந்தது. தட்டு கழுவியது நான். இன்னொரு தரம் வந்தால் ஒப்பந்தக்காரரிடம் வேறு ஆளை அனுப்பச் சொல்லப்போவதாக, கூடத்துக்குப் பொறுப்பான சார் சொல்லிவிட்டார். செல்வியின் அப்பாவுக்கு தி.நகரில் பாத்திரக்கடை. அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பா நினைக்காதீங்க ராணிக்கா, எங்க கடையில அப்பா காலத்து ஆள் பையையும் திறந்து பார்த்துட்டுத்தான் அனுப்புவோம்."

நானும் பார்த்தேன்

அவள் பார்த்தால் நான் பார்க்கக் கூடாதா? கூழைப் பெரிய குக்கரில் வேகவைத்து இறக்கினாள். சூடு கொஞ்சம் தணிந்ததும் பாக்கெட்டைப் பிரித்துக் கல் உப்பைக் கொட்டினாள். உப்போடு வேகவைத்தால் கூழ் சரியாக உறைவதில்லையாம். வழக்கமான உப்பு தீர்ந்துபோய், மயிலாப்பூர் மளிகைக்கடையில் வாங்கியதாம்.

எல்லாம் வெந்தது, உப்பு மட்டும் வேகவில்லையே, அதுவும் கடலிலிருந்து வந்ததுதானே என்று கேட்டேன். ஊறுகாயே கெடாமல் இருப்பது உப்பால்தான், அதில் எந்தக் கிருமி பிழைக்கும் என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"உப்புல எது பிழைக்கும்னுதான்க்கா நான் மூணு வருஷமா படிக்கிறேன்."

பத்தாம் நாள்

உப்பைத் தண்ணீரில் கரைத்துத் தனியாக வேகவைத்து ஒரு தட்டு, பழையபடி ஒரு தட்டு. இரண்டிலும் மண் விடாமல் சாரே பெட்டியில் வைத்துப் பூட்டினார். பத்தாம் நாள் திறந்தபோது வெந்த உப்புத் தட்டு பளிச்சென்று இருந்தது. மற்றதில் சிவப்பு. சார் என் முகத்தைப் பார்க்காமல் செல்வியிடம் சொன்னார்.

"வேகவைக்காம யாரும் எடுக்காதபடி உப்பு டப்பாவைப் பூட்டி வைம்மா, சாவி ராணிம்மாகிட்ட இருக்கட்டும்."

சாவி கைக்கு வந்த நாளிலிருந்து, அந்த டப்பா பக்கம் யார் போனாலும் அவர்கள் கையை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.